பழைய கௌபாய் சேணம் கையில் இருக்கிறதா? விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டியவை

டெக்சஸ், கொலராடோ, வயோமிங் பக்கம் கொஞ்சம் நிலத்தோடு பழைய வீடு வாங்கினால், தொழுவத்தில் தூசி படிந்த சேணம் ஒன்று கிடப்பது அதிசயமில்லை. இறந்தவர் வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் விற்பனைகளில் வீட்டுச் சாமான்களோடு சாமானாகவும் வந்து விழும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "இது ஆன்டிக், ஆயிரக்கணக்கில் போகும்" என்பார். பழைய சாமான் கடைக்காரர் ஐம்பது டாலர் என்பார். சேணத்தைப் பொறுத்து இரண்டில் எதுவும் சரியாக இருக்கலாம். எது சரி என்று கண்டுபிடிக்க நான் அங்கே இங்கே என்று அலைந்து விசாரித்ததை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முன்னால் கொம்பு உள்ள வெஸ்டர்ன் சேணத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். கொம்பு இல்லாமல், உட்காரும் இடத்தின் நடுவில் நீளமாகப் பிளவு இருந்தால் அது அநேகமாக ராணுவத்தின் மெக்லெல்லன் சேணம். அதற்கு வாங்குவோர் வேறு, விலை வேறு.

1. எண்ணெய் டப்பாவை எடுக்காதீர்கள்

காய்ந்து கிடக்கும் தோலைப் பார்த்ததும் எண்ணெய் தடவத்தான் கை போகும். கடையில் நீட்ஸ்ஃபுட் ஆயில் என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம். அது தோலைக் கறுக்க வைக்கும், அளவு மிஞ்சினால் நொளுநொளுவென்று ஆக்கும், பூ வேலைப்பாட்டின் கூர்மையை மழுக்கும். சேகரிப்பவர்கள் தேடுவதே அந்தப் பழைய நிறத்தைத்தான். சேணச் சோப்பும் வேண்டாம், வெள்ளியை மினுக்குவதும் வேண்டாம், அறுந்த தோல்நாடாவுக்குப் புது நாடா கோப்பதும் வேண்டாம்.

தூசியை மட்டும் மென்மையான, காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். பூஞ்சை இருந்தால் வெளியே நிழலில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கொம்பில் கயிறு கட்டித் தொங்க விடாதீர்கள். தரையில் போட்டால் அடிப்பக்கத் தோல் சுருண்டுவிடும், அப்புறம் நிமிராது. சேண ஸ்டாண்டு ஒன்று வாங்க மனமில்லை என்றால், இரண்டு மர நாற்காலிகளின் முதுகைச் சேர்த்து நிறுத்தி, மேலே தடித்த போர்வையைப் போட்டு அதன்மேல் வைக்கலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்; பழைய பருத்தித் துணி போதும்.

சோபாவுக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால்கூட அடிக் கம்பளியைப் புரட்டிப் பாருங்கள். அந்துப்பூச்சி இருந்தால் அடுத்தது உங்கள் கம்பளங்கள்தான்.

2. முத்திரையைத் தேடுங்கள்

விலையில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிவாகிறது. செய்தவரின் பெயரும் ஊரும் தோலில் அச்சாகப் பதிக்கப்பட்டிருக்கும். சதுரமாகவோ நீள்வட்டமாகவோ, பெரும்பாலும் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். தேட வேண்டிய இடங்கள்: உட்காரும் பகுதியின் முன்பக்கம், கொம்புக்குச் சற்றுக் கீழே, பின்சாய்வின் பின்புறம், கால் உரசாமல் இருக்க இரண்டு பக்கமும் தொங்கும் அகலமான தோல், குதிரையின் வயிற்று வாரைச் செருகி வைக்கும் சிறு தோல்பட்டை, அங்கவடியின் மேல்பக்கம். கொம்பின் உலோகத் தொப்பியிலும் எழுத்து இருக்கலாம்.

பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சைத் தோலோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். வெறும் கறையாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் விளிம்பு நிழலாக எழும்பி வரும். பெயரில் பாதி தேய்ந்திருந்தாலும் ஊர்ப்பெயர் தெரிந்தால் போதும், தேடலாம். எழுத்தை எடுப்பாகக் காட்ட ஈரத் துணியால் துடைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய பெயர்கள் நிறைய. வயோமிங் ஷையெனில் எஃப். ஏ. மீனியா, ஜே. எஸ். காலின்ஸ், கொலராடோ புயெப்லோவில் எஸ். சி. கேலப், ஆர். டி. ஃப்ரேசியர், டென்வரில் எச். எச். ஹைசர், மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியில் ஃபர்ஸ்ட்னோ, காக்ஸ்ஹால், ஆரகன் பெண்டில்டனில் ஹாம்லி, கலிபோர்னியாவில் மெயின் அண்ட் வின்செஸ்டர், வைசேலியா ஸ்டாக் சாடில் கம்பெனி, நெவாடா எல்கோவில் ஜி. எஸ். கார்சியா, டெக்சஸில் எஸ். டி. மையர்ஸ்; வெள்ளி வேலைப்பாட்டுக்கு ஹாலிவுட்டின் எட்வர்ட் போலின். இந்தப் பட்டியலில் இல்லாத சிறு ஊர்க் கைவினைஞர்களுக்கும் அவரவர் ஊரில் ரசிகர்கள் உண்டு.

பெயரோடு ஊரையும் படியுங்கள். ஹாம்லி பெண்டில்டனுக்கு வந்தது 1905இல். அதற்கு முன் ஐடஹோவின் கென்ட்ரிக்கில் இருந்தார்கள். ஆக, கென்ட்ரிக் முத்திரை உள்ள ஹாம்லி சேணம் பழையது, அரியது. மையர்ஸ் 1920இல் ஸ்வீட்வாட்டரிலிருந்து எல் பாசோவுக்கு மாறினார். ஸ்வீட்வாட்டர் என்று இருந்தால் காலம் அதற்கு முன்னால் போகிறது. இப்படி ஊர் மாறிய, கூட்டாளி மாறிய ஆண்டுகளை வைத்தே பத்து இருபது ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, போலி முத்திரை. உண்மையான பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் தேய்மானமும் அழுக்கும் சுற்றியுள்ள தோலைப் போலவே இருக்கும். சுற்றிலும் தோல் வெடித்து, எழுத்து மட்டும் பளிச்சென்று கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு, ஒட்டுச் சேணம்: நல்ல முத்திரை உள்ள துண்டு ஒன்றை வேறொரு உடலில் தைத்திருப்பார்கள். இடது வலது இரண்டு பக்கத்தின் பூ வேலையும் தையலும் ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பாருங்கள்.

முத்திரையே இல்லை என்றால்? ஏமாற்றம்தான். தபால் வழி விற்பனைக்கென்று மொத்தமாகத் தயாரித்தவற்றில் பல பெயரில்லாமல் வந்தவை. அவை அலங்காரப் பொருளின் விலைக்குத்தான் போகும்.

3. வயதை உடலைப் பார்த்துச் சொல்லுங்கள்

தோராயமான கணக்குகள் இவை. ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கொம்புக்குக் கீழே இருபுறமும் தோள்பட்டை போலப் புடைத்திருந்தால் 1900க்குப் பிந்தியது. புடைப்பே இல்லாமல் வழவழவென்று சரிந்திருந்தால் பழையதாக இருக்கலாம், ஆனால் அந்த வடிவத்தை இன்றும் செய்கிறார்கள். வயிற்று வாரைக் கட்டும் வளையத்துக்கான தோல்பட்டை முன்பக்கம் ஏறி, கொம்பைச் சுற்றி வளைந்து மறுபக்கம் இறங்கினால் அது சாம் ஸ்டேக் முறை. 1870களிலிருந்து 1890கள் வரை பரவலாக இருந்தது, சேகரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்தது. உட்காரும் இடத்தைப் பாதி மட்டும் மூடிய தோலும் அந்தக் கால அடையாளம்தான்.

இனி, பொய்யைக் காட்டிக்கொடுக்கும் சில்லறை விஷயங்கள். திருகாணியின் தலையில் கூட்டல் குறி வடிவப் பள்ளம் இருந்தால் அந்த ஆணி 1930களின் நடுப்பகுதிக்கு முன் வந்திருக்க முடியாது. கம்பளிக்குப் பதில் செயற்கைப் பஞ்சு, நைலான் நூல், பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் கிளாஸ் சட்டம் என்றால் இன்னும் பிந்தியது. பின்னால் பழுது பார்த்ததாகவும் இருக்கலாம் என்பதால் ஒரே ஒரு ஆணியை வைத்துச் சேணத்தையே தள்ளிவிட வேண்டாம்.

நமக்குச் சம்பந்தமுள்ள ஒன்று: கான்பூரில் வெஸ்டர்ன் சேணங்கள் செய்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். குதிரைக்குப் போட்டு ஓட்ட வாங்குகிறவர்களுக்கு அது வேறு கணக்கு. ஆனால் அப்படி வந்த ஒன்றைப் பத்து வருடம் தொழுவத்தில் போட்டுவிட்டு "தாத்தா காலத்துச் சேணம்" என்று விற்பவர்களும் உண்டு. பின்சாய்வின் அடியிலோ கம்பளி ஓரத்திலோ 'இந்தியா' அல்லது 'மெக்சிகோ' என்று சிறு துணி லேபிள், அல்லது அதைக் கத்தரித்த நூல் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்திலிருந்தே உள்ள விதி.

4. உள்ளே மரம் உடைந்திருக்கிறதா?

தோலுக்கு உள்ளே, பதனிடாத தோல் போர்த்திய மரச்சட்டம் இருக்கும். ட்ரீ என்பார்கள். அது உடைந்திருந்தால் விலை பாதியாகிவிடும். சேணத்தை மடியில் வைத்து, ஒரு கை கொம்பிலும் ஒரு கை பின்சாய்விலும் பிடித்து மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். இறுக்கமாக நின்றால் நல்லது. நடுவில் மடங்கினாலோ 'கிரீச்' என்று சத்தம் வந்தாலோ உடைசல். கொம்பைத் தனியாக அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. பலத்தைக் காட்ட வேண்டாம். நூறு வருடத் தோல் அது.

விரலால் தடவினால் செங்காவிப் பொடி ஒட்டுகிறதா? தோல் உள்ளுக்குள் இற்றுப்போகிறது என்று அர்த்தம். அதை மீட்க முடியாது, மேலும் போகாமல் நிறுத்தத்தான் முடியும். அதுவும் தோல் பாதுகாப்பு தெரிந்தவரின் வேலை.

அடிக் கம்பளி மாற்றப்பட்டிருந்தால் பெரிய குற்றமில்லை, நிறையச் சேணங்களுக்கு மாற்றியிருப்பார்கள். ஆனால் அங்கவடிகள், அவற்றைத் தாங்கும் அகலத் தோல், வெள்ளிக் குமிழ்கள் மாறியிருந்தால் விலை இறங்கும். எது மாறியிருந்தாலும் சொல்லித்தான் விற்க வேண்டும்; வாங்குகிறவர் உங்களைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார். வெள்ளி மாதிரி பளபளப்பதெல்லாம் வெள்ளியும் அல்ல. ஸ்டெர்லிங் என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது.

5. படங்களும் காகிதங்களும்

இதை அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள். சேணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருடையது என்ற சான்று இருந்தால்தான் விலை தாவுகிறது. மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் கடைசிச் சேணம் என்று அறியப்பட்டது 2012இல் அரிசோனாவின் மீசாவில் நடந்த ஹை நூன் ஏலத்தில் 7,18,750 டாலருக்குப் போனது. கௌபாய் பட நடிகர் ராய் ரோஜர்ஸின் குதிரை ட்ரிக்கரைப் பாடம் செய்து வைத்திருந்தார்கள். 2010இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 2,66,500 டாலர், அதன் சேணமும் கடிவாளமும் 3,86,500 டாலர். குதிரையைவிடச் சேணத்துக்கு விலை! நம் தொழுவத்துச் சேணத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் உள்ளூர் ஷெரீஃப் ஒருவர், ரோடியோ வீரர் ஒருவர் வைத்திருந்தது என்று காட்ட முடிந்தால்கூட வித்தியாசம் தெரியும்.

சேர்க்க வேண்டியவை:

வாங்கிய ரசீது. எஸ்டேட் விற்பனையில் வெறும் 'சாமான்' என்று எழுதித் தருவார்கள். 'சேணம், இன்ன முத்திரை' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டோடு வந்ததென்றால், அசையும் பொருள்களும் விற்பனையில் சேர்த்தி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழைய உரிமையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் விலை தெரிந்து உறவினர் யாராவது கேட்டு வந்தால் அது கைகொடுக்கும்.

முந்தைய குடும்பத்தாரின் கடிதம். யார் வாங்கியது, எந்தப் பண்ணை, எந்த ஆண்டு. கையெழுத்தும் தேதியும் வேண்டும். நோட்டரி முன் கையெழுத்தானால் இன்னும் நல்லது, செலவு சில டாலர்தான். வயதானவர்களிடம் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அந்தச் சேணம் தெரியும் பழைய புகைப்படம். கிடைத்தால் தங்கம். பூ வேலையும் கொம்பின் வடிவமும் ஒத்துப்போவதைக் காட்ட வேண்டும். வாய்மொழிக் கதைக்கு ஏலக்காரர்கள் ஒரு டாலர்கூடத் தர மாட்டார்கள்.

நீங்கள் எடுக்கும் படங்கள்: இரண்டு பக்கம், முன், பின், மேல், அடி, முத்திரை, சேதங்கள். வெற்றுச் சுவர் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். சேதத்தை மறைக்கும் கோணம் வேண்டாம். ஒரு படத்தில் அளவு நாடா தெரியட்டும்.

6. விலையைப் பாருங்கள்; கேட்கும் விலையை அல்ல

ஈபேயில் ஒருவர் பத்தாயிரம் டாலர் என்று போட்டுவிட்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அது அவருடைய ஆசை. 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டால் அண்மையில் உண்மையாகக் கைமாறிய விலை தெரியும். அதில் பழைய விற்பனைகள் நிற்காது என்பதால் லைவ் ஆக்‌ஷனியர்ஸ் மாதிரி ஏலத் தளங்களின் முடிவுகளையும் பாருங்கள். ஒரே முத்திரை, கிட்டத்தட்ட ஒரே காலம், ஒரே நிலை. அப்படி நாலைந்து கிடைத்தால் ஓர் உருவம் வரும்.

நான் பார்த்த அளவில் தோராயமாக: முத்திரை இல்லாதது, மொத்தத் தயாரிப்பு என்றால் நூறு முதல் நானூறு டாலர். பெயருள்ள ஊர்க் கைவினைஞர், நல்ல நிலை என்றால் எண்ணூறிலிருந்து மூவாயிரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நல்ல முத்திரை, மாறாத உடல் என்றால் ஐந்தாயிரத்துக்கு மேலே பேசலாம். போலின் மாதிரி வெள்ளி அணிவகுப்புச் சேணங்கள் பல்லாயிரம். அவை தனி உலகம். வயது மட்டும் விலை தராது. 1880இன் சிதைந்த சேணத்தைவிட 1930இன் அழகான ஹாம்லி அதிகம் போகலாம்.

அருங்காட்சியகத்துக்கு எழுதி விலை கேட்காதீர்கள். விலை சொல்வதில்லை என்பதே பொதுவாக அவர்கள் வழக்கம். ஆனால் போய்ப் பாருங்கள். ஓக்லஹோமா சிட்டியின் நேஷனல் கௌபாய் அருங்காட்சியகம், வயோமிங்கின் கோடி நகரில் பஃபலோ பில் மையம், ஷெரிடனில் டான் கிங் அருங்காட்சியகம். வரிசையாக நிற்கும் உண்மையான சேணங்களைப் பார்த்துவிட்டு வந்தால் போலி தானாகக் கண்ணில் குத்தும்.

7. மதிப்பீட்டுச் சான்று எல்லோருக்கும் வேண்டாம்

விற்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால் பணம் கொடுத்து எழுத்து மதிப்பீடு வாங்க வேண்டியதில்லை. படங்களை இரண்டு மூன்று ஏல நிறுவனங்களுக்கு அனுப்பினால் இலவசமாகவே உத்தேச விலை சொல்வார்கள். காப்பீடு, சொத்துப் பிரிப்பு, நன்கொடை என்றால் எழுத்துச் சான்று வேண்டும். யுஎஸ்பாப் என்ற அமெரிக்க மதிப்பீட்டாளர் தர விதிப்படி எழுதுபவரா, அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் அப்ரைசர்ஸ் அல்லது இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் அப்ரைசர்ஸ் உறுப்பினரா, வெஸ்டர்ன் பொருள்களில் அனுபவம் உண்டா என்று கேளுங்கள். ஒரு பொருளுக்குச் சில நூறு டாலர் ஆகும், சில வாரம் பிடிக்கும்.

"மதிப்பில் இத்தனை சதவீதம் என் கட்டணம்" என்பவரிடம் போகாதீர்கள். அது விதிக்கே விரோதம். மதிப்புப் போட்டுவிட்டு "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்பவரிடமும் வேண்டாம். இன்னொன்று: காப்பீட்டு மதிப்பு என்பது அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் விலை. விற்றால் கிடைப்பது அதைவிடக் குறைவு. சான்றில் நாலாயிரம் என்று இருப்பதைக் காட்டி நாலாயிரம் கேட்டால் வியாபாரி சிரிப்பார்.

8. எங்கே விற்பது

வியாபாரியிடம் கொடுத்தால் அன்றே பணம். ஆனால் அவர் விற்கப்போகும் விலையில் பாதி அளவுதான் கிடைக்கும். ஆயிரம் டாலருக்குக் கீழே உள்ள சேணத்துக்கு இதுவோ நேரடி விற்பனையோதான் நல்லது. ஏலத்துக்கு அனுப்பும் செலவே விழுங்கிவிடும்.

நல்ல முத்திரை இருந்தால் வெஸ்டர்ன் பொருள்களுக்கென்றே நடக்கும் ஏலம். பெரிய விற்பனைகள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான், ஜனவரியிலும் கோடையிலும். இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே பொருள் போய்ச் சேர வேண்டும். ஏலம் முடிந்து முப்பது முதல் நாற்பத்தைந்து நாளில் காசோலை வரும். ஆக, இன்று முடிவெடுத்தால் கையில் பணம் வர அரை வருடம் ஆகலாம்.

கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தியல் விழுந்த விலை 2,000 டாலர் என்றால், வாங்குபவர் இருபது சதவீதம் சேர்த்து 2,400 கட்டுவார். பட்டியலில் அச்சாவது அந்த 2,400தான். உங்களுக்கு 2,000இல் பதினைந்து சதவீதக் கமிஷன் 300 போகும், படம், காப்பீடு என்று 50, நீங்கள் அனுப்பிய செலவு 150. கையில் 1,500. சதவீதங்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆறாம் படியில் விலைகளை ஒப்பிடும்போதும் இதை மறக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நாலு விஷயம் படியுங்கள்: குறைந்தபட்ச விலை எவ்வளவு, அதற்குக் கீழே விற்காமல் போனால் கட்டணம் உண்டா, வழியிலும் கிடங்கிலும் சேதமானால் யார் பொறுப்பு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது. நான் பேசிய ஓர் இடத்தில் விற்காத பொருளுக்கும் கிடங்கு வாடகை கேட்டார்கள்; அது ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

9. பெட்டி கட்டுவது

பழைய சேணம் பொதுவாக முப்பது, நாற்பது பவுண்டு எடை. ஆனால் கூரியர்காரர்கள் பெட்டியின் கன அளவுக்குத்தான் காசு வாங்குவார்கள். நூறு டாலருக்குக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள். அங்கவடிகளைக் கழற்றாமல் உட்காரும் இடத்தின் மேல் மடக்கி, இடையில் துணி வைத்துக் கட்டுங்கள். கொம்புக்கு மட்டும் தடித்த நுரை உறை. பெட்டி தலைகீழானால் முதலில் அடி படுவது அதற்குத்தான். பேக்கிங் நாடா தோலில் படவே கூடாது. கட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள், இல்லாவிட்டால் காப்பீட்டுக்காரர் 'சரியாகக் கட்டவில்லை' என்று கையை விரிப்பார். முடிந்தால் நீங்களே காரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

10. வரி

லாபத்தில் விற்றால் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் இதைச் சேகரிப்புப் பொருளாகப் பார்க்கும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் கூட்டரசு வரி அதிகபட்சம் 28 சதவீதம். பங்குகளுக்கான குறைந்த விகிதம் இதற்குக் கிடையாது. ஒரு வருடத்துக்குள் விற்றால் சம்பள வருமானத்தோடு சேரும். வாங்கிய விலை, ஏலக் கமிஷன் இரண்டையும் கழிக்க ரசீது வேண்டும். மரபுரிமையாக வந்ததென்றால் இறந்த நாளின் சந்தை மதிப்பே உங்கள் அடக்கவிலை, அந்தத் தேதிக்கான மதிப்பீட்டைத் தேடி வையுங்கள். வீட்டில் அலங்காரமாக வைத்திருந்து நஷ்டத்தில் விற்றால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது.

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து வரிக்கழிவு கேட்பதானால், 500 டாலருக்கு மேல் படிவம் 8283. 5,000க்கு மேல் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் சான்று. அந்த மதிப்பீடு, சேணத்தைக் கொடுக்கும் நாளுக்கு அறுபது நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. அதனால் முதலில் அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் குழு கூடி முடிவெடுக்கவே மாதக்கணக்கில் ஆகும். சம்மதம் வந்த பிறகு மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டால் போதும்.